கொடியேற்றம்

மெடோலார்க் தெருவில் நாற்பத்தெட்டு வீடு.
ஒரே சாம்பல் கூரை, ஒரே உயரத்துக்கு வெட்டிய புல்.
வாசலுக்கு வாசல் ஒரு கொடி,
கோடும் நட்சத்திரமுமாக.
அதற்குத் தடையில்லை.

லொரெட்டா ஷ்ராக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
ஜூன் மாதம் அவளுடைய துணி உலர்த்தும் இயந்திரம்
ஒருமுறை இருமிவிட்டு
கருகிய ரப்பர் வாசனையோடு நின்றது.
பழுது பார்க்க வந்தவன் சொன்ன தொகையைக் கேட்டு
அவனுக்கு ஐஸ் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

அன்று மாலையே
துருப்பிடித்த கொக்கி இரண்டு, கயிறு முப்பதடி,
வேலிக்கும் பேரி மரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டினாள்.
முதல் ஈடு: நான்கு துண்டு, சீருடை,
மகனின் கூடைப்பந்துச் சட்டை.
கான்சஸ் காற்றைப் பற்றிக் கேட்கவா வேண்டும்,
காலுறையைக் கவ்விக்கொண்டு ஓடும் நாய்க்குட்டி.
நாற்பது நிமிடத்தில் துண்டெல்லாம் அப்பளம்.

பதினோராம் நாள் கடிதம்.
விதி ஏழு, உட்பிரிவு இ:
தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி
துவைத்த துணி தொங்கக் கூடாது,
வீடுகளின் விலை விழும்,
மாதம் இருபத்தைந்து டாலர் அபராதம்.

ஒரு தலையணை உறையின் கனம் தாங்காமல்
ஒரு தெருவே சரியுமாம்.

எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தேன்.
கடிதத்தைக் காட்டினாள். சிரித்துவிட்டேன்.
எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர், என்றேன்,
கம்பத்தில் பறப்பதும் கொடி, துணி காய்வதும் கொடி.
சொல்லிப் பார்த்தாள். "கோடி" என்று வந்தது.
அதற்குப் புதுத்துணி என்று அர்த்தம்.
நான் திருத்தவில்லை.

செப்டம்பர் கூட்டம் நூலகத்தின் பின்னறையில்.
நமுத்த பிஸ்கட், காகிதக் கோப்பையில் காபி.
மேடைப் பேச்சு வராது அவளுக்கு,
பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கிற குரல் மட்டும் உண்டு.

"வடக்கே காற்றாலை இருக்கிறது.
காற்றைப் பிடித்து மின்சாரமாக்குகிறோம்.
போதாததற்குக் கரியைக் கொளுத்துகிறோம்.
அதைக் கம்பியில் ஓட்டி, வீட்டுக்குள் இறக்கி,
சூடாக்கி, மறுபடி காற்றாக்கி,
ஒரு பெட்டிக்குள் ஊதித் துண்டை உருட்டுகிறோம்.
கூடவே போட ஒரு வாசனைத் தாள் வாங்குகிறோம்.
அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?
வெயிலில் காய்ந்த மணம்."

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பதை
அந்த ஊரில் எப்படிச் சொல்வார்களோ.
யாரோ தும்மினார்கள்.

டுவெய்ன் கோபெக்கி எழுந்தான்.
"உன் ஒரு கயிற்றால் துருவத்துப் பனி உருகாமல் நின்றுவிடுமா?"
"நிற்காது" என்றாள்.
காபியை ஒரு வாய் குடித்தாள். ஆறிப் போயிருந்தது.
"ஆனால் துருவம் என் கையில் இல்லையே, டுவெய்ன்.
ஒரு கூடை ஈரத்துணிதான் இருக்கிறது."

வாக்கு முப்பத்தொன்றுக்குப் பதினொன்று.
தோற்றாள்.

கயிறு இறங்கவில்லை.
மின்கட்டணத்தில் மிச்சம் பதினெட்டு டாலர்,
அபராதத்துக்குக் கையிலிருந்து ஏழு.
சினிமா டிக்கெட்டை விட மலிவு, என்றாள்
கவ்வியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

நான் அவளுக்குத்தான் வாக்களித்தேன்.
அன்றிரவும் என் வீட்டு இயந்திரம்
உள்ளே உருண்டுகொண்டுதான் இருந்தது.
அதையும் எழுதிவிட வேண்டும்.

அக்டோபரில் ஓர் இரவு, பத்து மணி இருக்கும்.
குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு பின்சந்து வழியே போனேன்.
கோபெக்கி வீட்டு வேலிப் பலகைகளுக்கு நடுவே
ஓர் இடைவெளி.
வேலி உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக
ஒரு நைலான் நூல்,
அதில் கால்சட்டை இரண்டு தலைகீழாக.
தெருவிலிருந்து தெரியாது.
விதி மீறல் இல்லை.

மறுநாள் காலை என் புல்லில் ஒற்றைக் காலுறை,
குதிகாலில் கிழிசல், உள்ளே
டி.கே. என்று மையால் எழுதியது.
யார் வீட்டில் சேர்க்க வேண்டும் என்று தெரியும்.
தெரிந்தே,
சாலையைக் கடந்துபோய்
லொரெட்டாவின் கொடியில் மாட்டிவிட்டு வந்தேன்.
காற்று நன்றாக அடித்தது.